உடையப்பன் பங்குத் தண்ணீர்

குன்றாண்டார்கோவிலில் பாறைக்குள் இருக்கும் சிவன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மற்ற ஊர்ச் சாமிகள் தேரேறி நாலு தெருவாவது சுற்றி வருவார்கள். இவர் மலையோடு மலையாக உட்கார்ந்து, எழுந்து போகவும் வழியில்லாமல், வருகிறவன் போகிறவன் சொல்லும் பொய்யையெல்லாம் கேட்டுச் சலித்தவர். அவர்மேல் பொய்ச் சத்தியம் செய்ய எனக்கென்ன பைத்தியமா? எண்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் பொய் சொல்லி நான் என்ன காணப்போகிறேன்?

அந்த வருஷத்து வெயிலை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் விலக்கில் இலுப்பூர் சாலையோரம் ஒரு மைல்கல் உண்டு. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள் காலையில் பார்த்தால், அது தன் இடத்தை விட்டு நகர்ந்து எதிர்ப்புறம் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தது. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ஜீப்பில் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். கல்லைப் பிடுங்கித் திரும்பவும் வெயிலில் நட அவர்களுக்கும் மனம் வரவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் எங்கள் ஊர் இன்றைக்கும் இலுப்பூருக்குக் கொஞ்சம் பக்கம்.

அப்படிப்பட்ட வெயிலில் ஆளைக் காப்பாற்றுவது மூலிகைத் தண்ணீர்தான். ஆவாரம்பூவைக் காயவைத்துக் கொதிக்கப்போட்டு இறக்கினால் உடம்புச் சூடு தணியும், கண்ணெரிச்சல் போகும். நன்னாரி வேரைத் தட்டிப்போட்டு ஊறவைத்தால் நீர்க்கடுப்பு எட்டிப்பார்க்காது. சீரகத் தண்ணீர் வயிற்றை அடக்கும். மண்பானையில் வெட்டிவேர் முடிச்சு ஒன்று கிடந்தால் குடிக்கிறவன் நெஞ்சு வரைக்கும் மணக்கும். இதையெல்லாம் குடித்துத்தான் நான் இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்க்கிறேன்.

ஆனால் உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளச் சிறுநீரகம் என்று ஒன்று வேலை செய்ய வேண்டும். உடையப்பனுக்கு அது இரண்டு பக்கமும் போய்விட்டது.

உடையப்பன் என் அண்ணன் மகன். தைலமரம் வெட்டுகிறவன். எங்கள் பக்கத்துச் செம்மண் பொட்டலில் கண்ணுக்கெட்டிய மட்டும் தைலமரம்தான். அதை அறுத்துத் தள்ளி, பட்டை உரித்து, துண்டு போட்டு, பொழுது சாய்வதற்குள் காகித மில்லுக்கு லாரியில் ஏற்றியாக வேண்டும். நிழல் தருகிற மரமும் இல்லை அது; இலை தொங்கிக்கொண்டு நிற்கும், வெயில் அதன் இடுக்கில் நேராக இறங்கும். கிணறு குளம் எதுவும் கிட்டத்தில் இருக்காது. கூட்டத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு கேன் தண்ணீர் வரும், உச்சிக்கு முன்னாலேயே காலியாகிவிடும். "லோடு ஏத்திட்டு குடிச்சுக்கலாம்டா" என்பான் மேஸ்திரி. உடையப்பன் விவரம் தெரிந்த நாளாய் லோடு ஏற்றிவிட்டுத்தான் குடித்தான்.

அதற்குப் புதுக்கோட்டையில் டாக்டர் சொன்ன விளக்கத்தை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"இத்தனை வருஷமா வெயில்ல தண்ணி குடிக்காம வேலை பாத்திருக்கீங்க. அதுல கிட்னி போயிருக்கு."

"சரிங்க சார். இனிமே நெறையக் குடிக்கிறேங்க."

"இனிமே குடிக்கக் கூடாது" என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு அரை லிட்டர். கசாயம், மோர், கஞ்சி எல்லாம் அதுக்குள்ளதான். இளநி வாசனையே ஆகாது. மீறிக் குடிச்சா நுரையீரல்ல தண்ணி ஏறும், மூச்சு முட்டும். நெஞ்சு சட்டுன்னு நின்னாலும் நின்னுரும்."

உடையப்பன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். அந்தக் குழந்தை ஒரு டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

வாரம் இரண்டு தடவை இரத்தம் சுத்தம் செய்யப் புதுக்கோட்டை போவான். ஊரில் கேட்டால் லோடு விஷயமாகப் போவதாகச் சொல்வான். இப்படியே ஓடியிருக்கும். அவன் மகள் இளமதிதான் கெடுத்தாள். பி.எஸ்ஸி. முடித்த பிள்ளை, யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். பொருந்திவிட்டது.

"அப்பா, என்னோடது ஒண்ண எடுத்துக்கங்க. ஒண்ணை வச்சுக்கிட்டு எத்தனையோ பேரு நல்லாத்தான் இருக்காங்க" என்றாள்.

உடையப்பன் மறுநாளே தரகரைப் பார்க்கப் போய்விட்டான். மணமேல்குடியில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம், பையன் அரவிந்த்குமார், நல்ல பிள்ளை. அந்த மாதத்திலேயே பேசி முடித்தான். கல்யாணமாகிப் போய்விட்டால் அவள் உடம்பு அவள் புருஷன் வீட்டுப் பொறுப்பு, தனக்குக் கொடுக்கிற பேச்சுக்கே இடமிருக்காது என்பது அவன் கணக்கு. விஷயம் முன்கூட்டித் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள். எந்த மாமியார்தான் என்றைக்கு ஒரு கிட்னியைக் கழற்றிக் கொடுப்பாளோ என்கிற மருமகளைக் கூட்டிப்போவாள்? ஆகவே தாலி ஏறும்வரை யாருக்கும் தெரியக் கூடாது.

பத்திரிகை வைப்பதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கம் பத்திரிகை வைக்க வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். தட்டில் வெற்றிலை, பூ, குங்குமத்தோடு பத்திரிகையை நீட்டினால், அவர்கள் ஒரு கையால் அதை வாங்கி மறு கையால் டம்ளரை நீட்டுவார்கள். அதைக் குடித்தால்தான் அழைப்பு செல்லும். குடிக்காமல் எழுந்தால் உன் உறவு வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். ஒற்றை ஆளாகப் போவதும் முறையில்லை. உடையப்பன் பெண்சாதி சந்தனம் கூடப் போயிருக்க வேண்டும். அவளோ நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையில் சறுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள்.

"மாமா, இவுகளை ஒத்தையா அனுப்ப எனக்கு மனசு வரல" என்று என்னிடம் சொன்னாள். "போற எடமெல்லாம் ஊத்துவாக. இவுகளுக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது."

"வெரதம்னு சொல்லச் சொல்லேன்."

"நல்ல காரியத்துக்குப் போறவன் கைய மறிச்சா, என்னமோ இருக்குன்னு மோப்பம் புடிச்சுருவாக சித்தப்பா" என்றான் உடையப்பன்.

சந்தனம் என்னையே பார்த்தாள். "அவுக பங்கையும் நீங்க குடிச்சிருங்க மாமா."

நான் சம்மதித்தேன். உறவுக்காக மலையைத் தூக்கச் சொன்னால் யோசிப்பேன். குடிக்கச் சொன்னால் யோசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

காலையிலேயே மொபெட்டில் கிளம்பினோம். மடியில் தட்டும் பையுமாக நான் பின்னால். தார் இளகி டயரைப் பிடித்து இழுத்தது. உடையப்பன் வாயில் என்னவோ கடகடவென்று சத்தம்.

"என்னடா அது, பல்லா?"

"புளியங்கொட்டை சித்தப்பா. கடவாயில அடக்கிக்கிட்டா எச்சி ஊறும். தாகம் கொஞ்சம் தெரியாது."

"கொஞ்சந்தானா?"

"கனவுலயும் தண்ணிதான் வருது. சொம்பை வாய்க்கிட்ட கொண்டு போறேன், இளமதி வந்து புடுங்கிக்கிடுது. முழிச்சுப் பாத்தா தலகாணிய நக்கிக்கிட்டு கெடக்கேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கிறதற்கு எச்சில் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் சிரிப்பில் சத்தம் வரவில்லை.

முதல் வீடு ரிட்டயர்டு வாத்தியார் அழகுமலை. எனக்கு மைத்துனன் முறை. பாடம் நடத்தின காலத்தில் ஊமையாக இருந்தவர், போனில் வாட்ஸப் வந்த பிறகு வைத்தியராகிவிட்டார்.

"வா மச்சான், வா உடையப்பா. உக்காருங்க. இந்த வெயில்ல வெறுந்தண்ணி குடிக்கிறவன் முட்டாப்பய. ஆவாரம்பூ, துளசி, சீரகம், கொத்தமல்லி நாலையும் போட்டு வச்சிருக்கேன். ரத்தம் சுத்தமாகும். முக்கியமா, கிட்னிக்கு ரொம்ப நல்லது."

உடையப்பன் வாயில் புளியங்கொட்டை நின்றது.

இரண்டு டம்ளர் வந்தது. வாத்தியார் பத்திரிகையை வாசிக்கக் கண்ணாடியைத் தேடிய நேரத்தில் என்னுடையதைக் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவன் கையில் திணித்து, அவனுடையதையும் வாங்கிக் குடித்தேன்.

"நல்லாருக்கா உடையப்பா?"

"அமிர்தங்க வாத்தியாரே."

"அப்ப இன்னொண்ணு குடி!"

வாத்தியார் சொம்போடு நின்று ஊற்றினார். கண்ணாடி இப்போது மூக்கில் இருந்தது. நான் எட்டி உடையப்பன் கையிலிருந்தே டம்ளரைப் பிடுங்கினேன். "இவன் எளந்தாரி, தாங்குவான். எனக்குத்தான்யா நாக்கு வறளுது."

"மச்சான், ஒனக்கு வயிறா, ஊரணியா?" என்றார் வாத்தியார். "வயசாக வயசாக மானம் போயிருதுப்பா மனுசனுக்கு."

போகட்டும். மானத்தால் இனி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அடுத்தது பீட்டர் வீடு. உடையப்பனோடு தைலமரக் காட்டில் வேலை பார்க்கிறவன். அவன் வீட்டில் வெட்டிவேர் ஊறிய பானைத் தண்ணீர். பீட்டர் மூன்று டம்ளரை ஊற்றித் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"காட்டுல இப்ப ஆளாளுக்கு பாட்டில் குடுத்துட்டாங்கண்ணே" என்றான். "ஆபீசர் வந்து, வெயில்ல வேலை பாக்குறவன் மணிக்கொருதரம் குடிக்கணும், குடிக்கலைன்னா கிட்னி போயிரும்னு போர்டே வச்சிட்டுப் போனாரு. நிழலுக்கு ஒரு தார்ப்பாய். மேஸ்திரியே விசில் ஊதி, குடிங்கடா குடிங்கடாங்குறான்."

"எப்ப இருந்து?" என்றான் உடையப்பன்.

"நீ லோடு விசயமா டவுனுக்குப் போகவர ஆரம்பிச்சியே, அந்த வாரத்துல இருந்து."

உடையப்பன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே வெட்டிவேர்த் துணுக்கு ஒன்று மிதந்தது. "நல்லது பீட்டரு. நல்லதுதான்" என்றான். அவன் கை டம்ளரை நோக்கிப் போனது. அது எதற்குப் போனது என்று அதற்கே தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

இப்படி வீடு வீடாக. ஒரு வீட்டில் நன்னாரி, ஒரு வீட்டில் சீரகம், ஒரு வீட்டில் கற்றாழை போட்ட மோர். உச்சிப் பொழுதுக்கெல்லாம் எனக்கு வேர்வையே பச்சையாக வந்தது. நன்னாரி வாசனைக்குத் தேனீக்கூட்டம் ஒன்று எங்கள் மொபெட்டைத் தொடர்ந்து வந்தது. வளைவுகளில் அதுவும் ஒடித்துத் திரும்பியது. பள்ளத்தில் மொபெட் குதித்தால் என் வயிற்றுக்குள் அலை அடிக்கிற சத்தம் முன்னால் இருப்பவனுக்குக் கேட்டது. என் முழங்கால் வலி, நாள்பட்டது, அன்றோடு போயிற்று. மூலிகைத் தண்ணீரின் பலனைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னை வந்து பார்க்கலாம்.

உடையப்பன் உதட்டில் மட்டும் தோல் செதில் செதிலாக எழும்பி நின்றது.

கடைசி வீடு இலுப்பூரில் அவன் தங்கை மருதாயி வீடு. வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நன்னாரித் தண்ணீர் விற்கிறவள் மருதாயி. அவள் பானைக்கு டிரைவர், கண்டக்டரெல்லாம் அடிமை. தன் மகன் செந்தமிழனுக்கு இளமதியைக் கேட்டிருந்தாள். முறை, ஆசை எல்லாம் இருந்தது. உடையப்பன் முடியாது என்றுவிட்டான். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னான்: "மருதாயிக்கு விசயம் தெரிஞ்சா, எங்கண்ணனுக்கு ஒண்ணு போனா போகட்டும்னு அவளே மருமகளைக் கூட்டியாந்து ஆஸ்பத்திரியில படுக்கப்போட்ருவா சித்தப்பா. அவளுக்கு எம்மேல அம்புட்டுப் பிரியம். அதான் குடுக்கல."

வாசலில் மொபெட் நின்றதும் மருதாயி எழுந்து உள்ளே போனாள். அவள் கூப்பிடாமலே நாங்கள் நுழைந்து உட்கார்ந்தோம். தட்டை நீட்டினோம். வாங்கிக் கீழே வைத்தாள். பத்திரிகையை வாசிக்கவில்லை.

"ஐஸ் கம்பெனியாமே" என்றாள்.

"ஆமாத்தா."

"எம்மகன் பானைத் தண்ணி விக்கிறவ மகன். ஐஸுக்கு முன்னாடி பானை நிக்க முடியுமா?"

"அப்படியெல்லாம் இல்ல மருதாயி."

"பெறகு எப்படிண்ணே? கால் நொண்டியா? குடிகாரனா? சொல்லு, திருத்திக்கிறோம்."

உடையப்பன் தலை குனிந்துகொண்டான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். உதடு பிரிந்தது, ஒட்டிக்கொண்டது. ஈரமில்லாத உதடு.

மருதாயி பானையிலிருந்து ஒரே ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"எனக்கும்மா?" என்றேன்.

"ஒங்களுக்கு இல்ல சித்தப்பா. போற வீடெல்லாம் எங்கண்ணன் பங்கையும் சேத்துப் புடுங்கிக் குடிக்கிறீகளாம்ல. வாத்தியாரு அப்பவே போன்ல சொல்லிட்டாரு. இது அவனுக்கு ஊத்துனது." டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "தைலமரக் காட்டுல நீ வெயில்ல கெடந்து காயுறப்ப, தெனமும் ஒரு தூக்குச்சட்டி நன்னாரித் தண்ணி குடுத்துவிடுறேன்னு கேட்டேன். வீடு தேடி வந்து கேட்டேன். எல்லார் முன்னாடியும் எனக்கு மட்டும் என்னத்துக்குன்னு வேணாம்னுட்ட. அன்னைக்கும் எந்தண்ணி ஒனக்கு ஆகல."

"அன்னைக்குக் குடிச்சிருக்கணும்த்தா" என்றான் உடையப்பன். அவன் குரல் எங்கேயோ இருந்தது.

"இன்னைக்குக் குடி. நீ குடிச்சா நான் கல்யாணத்துக்கு வாரேன். அத்தைக்காரியா முன்னால நின்னு மாலை எடுத்துக் குடுக்குறேன். குடிக்கலைன்னா தட்டை எடுத்துக்கிட்டுப் போ. பொறந்தவ ஏன் வரலைன்னு மணமேல்குடிக்காரவுக கேப்பாக. என்ன சொல்லணுமோ நீயே சொல்லிக்க."

டம்ளரின் வெளிப்பக்கம் நீர் முத்து முத்தாக அரும்பியிருந்தது. நன்னாரி மணம் அறை முழுதும். உடையப்பன் வாயிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தான். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தான்.

அந்த நேரத்தில்தான் வெயில் தன் வேலையைக் காட்டியது. மைல்கல்லையே நகர்த்திய வெயில் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். அது ஜன்னல் வழியாக இறங்கி டம்ளருக்குள் விழுந்தது. அவன் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் புகையாக எழும்பிப் போய்விட்டது. காலி டம்ளரைக் கீழே வைத்தான். மருதாயி பார்த்தாள், சொட்டு இல்லை.

"நல்லாருக்காண்ணே?"

"நல்லாருக்குத்தா."

மருதாயிக்குக் கண் கலங்கியது. "இன்னொண்ணு ஊத்தவா?"

"ஊத்து."

ஊற்றினாள். அதுவும் ஆவியாயிற்று. அடுத்ததும் அப்படியே. அவள் ஊற்ற ஊற்ற வெயில் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கடைசியில் டம்ளரை விட்டுவிட்டுப் பானையையே தூக்கி வந்து சாய்த்தாள். "குடிண்ணே, இன்னைக்காவது வயிறாரக் குடி" என்றாள். உடையப்பன் கையைக் குவித்து ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தது அவன் முகம். பானை காலி. இவ்வளவுக்கும் அவன் நாக்கில் ஒரு துளி படவில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். வெளியே வந்தபோது இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கைக்குட்டை அகலத்தில் ஒரு மேகம் நின்றிருந்தது. அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் மட்டும் நன்னாரி மணத்தோடு ஒரு தூறல் போட்டது என்று கடைக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

கல்யாணம் குறித்த தேதியில் சிறப்பாக நடந்தது. மணமேல்குடிக்காரர்கள் வேன் நிறைய ஐஸ் கொண்டுவந்து பந்தலைக் குளிரவைத்தார்கள். மருதாயி முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுத்தாள். சந்தனம் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு ஓடியாடித் திரிந்தாள். வாசலில் அண்டாவை வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொருவருக்கும் உடையப்பன் தன் கையாலேயே நன்னாரித் தண்ணீர் மொண்டு கொடுத்தான். நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

பத்திரிகை வைக்க அன்றைக்கு உடையப்பன் தனியாகத்தான் போனான், நான் கூடப் போகவில்லை; சாயங்காலம் இலுப்பூரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து அவனை வாசலில் கிடத்தியபோது கடைவாயில் புளியங்கொட்டை இல்லை.